தோற்றவர்களுக்கு மட்டும் கேட்கும் பாட்டு

அத்தியாயம் 11

லிஃப்டுக்குள் கேட்ட குரல் தன்னுடையதுதான் என்று மைதிலிக்குத் தெரிந்து ஓர் இரவு கழிந்திருந்தது. அந்த இரவில் அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் படுத்திருந்த கணவன் சரவணக்குமார் நன்றாகத் தூங்கினான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நேற்று மாலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வந்தவள், தன் ஏ பிளாக்கிலேயே குடியிருக்கும் ஜெபாவோடு லிஃப்டில் ஏறினாள். ஜெபாவின் கையில் செல்போன். அதில், இப்போது ஊரே ஆடிக்கொண்டிருக்கிற 'ஒத்தை விளக்கு'. ஒரு சின்னப் பெண் கையில் அகல் விளக்கோடு காட்டைக் கடக்க வேண்டும். காற்று வரும், மழை வரும். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு இசை போட்டவன் சரவணக்குமார்.

இரண்டாவது மாடி தாண்டும்போது ஜெபாவின் விளக்கு அணைந்தது. திரை இருண்டது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகுகிற ஓசை வந்தது. அதில் சொல் எதுவும் இல்லை.

"மறுபடி ஆடணும்னா பட்டனை அமுக்கணும். யாரு அமுக்குறா? இதைக் கேக்கிறதுக்குன்னே தோத்துட்டு உக்காந்திருக்கோம்" என்றாள் ஜெபா. அவள் மாடி வந்து கதவு திறந்தது. இறங்காமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

மைதிலி அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். வீட்டில் சரவணக்குமார் இந்த இசையை ஒரு நாளும் வெளியே கேட்கும்படி வைத்ததில்லை. எப்போதும் காதில் ஹெட்போன். வேலையில் அவ்வளவு சிரத்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாவம்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஆவடி ஆஸ்பத்திரி நினைவிருக்கும். எட்டாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போன பெண் குழந்தை. மைதிலி மயக்கம் தெளிந்து எழுந்தபோது தொட்டில் இல்லை, துணி இல்லை, குழந்தையும் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஆண்கள் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பிறந்து மூச்சு விடாததற்குப் பதினாறாம் நாள் கிடையாது, படம் கிடையாது, விளக்கு கிடையாது.

அழுகையும் கிடையாது என்றுவிட்டாள் மாமியார் வசந்தா.

"இதுக்கெல்லாம் அழக்கூடாது. அழுதா அடுத்தது தங்காது" என்றாள். முசிறியிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த மைதிலியின் அம்மாவையும் அழவிடவில்லை. பால் கட்டி மார்பு கல்லானபோது, அதை வற்ற வைக்க மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டிவிட்டவளும் வசந்தாதான். அறை முழுக்க மல்லிகை வாசனை. அதற்குள் உட்கார்ந்து மைதிலி முனகினாள். வாயைத் திறக்காமல் செய்தால் அது அழுகையில் சேராது இல்லையா?

அந்த முனகல்தான் இப்போது ஊர் ஊராகச் செல்போனில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சரவணக்குமார் கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாலை கீழே குடியிருப்போர் சங்கத்தின் பாராட்டு விழா. வெளியிலிருந்து மைக் செட் வேண்டாம், என் பெட்டிகளையே இறக்கிவிடுகிறேன் என்று அவனே சொல்லியிருந்தான். தன் காதுக்குப் பிடிக்காத மைக் செட்டில் தன் இசை வருவதை அவன் தாங்கமாட்டான்.

"எப்போ ரெக்கார்ட் பண்ணினீங்க?" என்றாள் மைதிலி.

எதை என்று கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு மட்டும் அவனுக்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

"அப்பவேதான்" என்றான். ஒயரைக் கீழே வைத்தான். "நீ உள்ள இருந்தே. உள்ள வர்றதுக்கு எனக்கு தைரியம் வரல. கதவுக்கு வெளியவே நின்னேன்."

"நின்னீங்க, சரி. போனை எதுக்கு நீட்டினீங்க?"

"தெரியல மைதி. ஒரு சத்தம் கேட்டா என் கை தானாப் போயிடும். தொழில் அப்படி."

"பொண்டாட்டி அழுதாலுமா?"

அவன், அவள் கேட்காததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"விளக்கு அணையிற இடத்துக்கு நான் போட்டது எதுவுமே நிக்கல. எல்லாம் சோகமா இருந்துச்சு, ஆனா பொய்யா இருந்துச்சு. கடைசியில இதை எடுத்துப் போட்டுக் காட்டினேன். ரூம்ல ஒருத்தரும் பேசல. கேம் டைரக்டர் எழுந்து வெளிய போயிட்டார். திரும்பி வந்தப்போ அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு."

சொல்லும்போதே அவன் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. அவனுக்கே தெரியாமல்தான் பார்த்தது, ஆனால் மைதிலிக்குத் தெரிந்துவிட்டது.

"குரலைக் கொஞ்சம் இழுத்து, இறக்கி மாத்தியிருக்கேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நான் கண்டுபிடிச்சேனே. அது மட்டுமில்லங்க. நான் மூச்சு வாங்குற இடத்துல வெட்டி, திரும்ப முதல்லேருந்து ஒட்டியிருக்கீங்க. அது முடியவே மாட்டேங்குது."

"கேம் மியூசிக்னா அப்படித்தான் மைதி. ஆடுறவங்க எவ்வளவு நேரம் அங்க நிப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால முடிவு தெரியாம சுத்திக்கிட்டே இருக்கணும்."

"நான் முடிச்சேங்க" என்றாள் மைதிலி. "ஒரு நாள் அதை முடிச்சுட்டுத்தான் எழுந்து குளிச்சு வேலைக்குப் போனேன். முடிச்ச ஒண்ணை நீங்க எடுத்து முடியாதபடி பண்ணிட்டீங்க."

சரவணக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அப்படி இருந்திருந்தால் மைதிலிக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

"எனக்கும்தான் பொண்ணு" என்றான் மெதுவாக. "கையில தூக்கிட்டுப் போனது நான். என்னையும்தான் அழக்கூடாதுன்னுட்டாங்க. இந்த ஒரு இடத்துலயாவது அழுதுக்கலாம்னு..."

"உங்களுக்கு முகம் பார்க்கக் கிடைச்சுச்சு. மூக்கு யாரு மாதிரி, முடி இருந்துச்சா இல்லையா, எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது எதுவும் கிடையாது. எனக்குன்னு இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அதையும் எடுத்துக்கிட்டீங்க."

வெளியே யாரோ தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள். சரவணக்குமார் ஒயரை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினான்.

இன்னொன்றும் இருந்தது. நேற்று இரவெல்லாம் செல்போனில் தேடியபோது அவனுடைய பேட்டி ஒன்று கிடைத்தது. அந்தக் குரல் யாருடையது என்று ஒரு பெண் கேட்கிறாள். சரவணக்குமார் வெட்கத்தோடு சிரிக்கிறான். 'எங்க அம்மா எனக்குப் பாடின தாலாட்டு. அதை வச்சுப் பண்ணினது' என்கிறான். கேட்ட பெண் உருகிப்போகிறாள். மாலை விழாவில் வசந்தாவுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதே அந்தத் தாலாட்டுக்காகத்தான்.

"செத்துப்போன குழந்தைன்னு சொல்ல எனக்கு வாய் வரல மைதி. சட்டுன்னு வந்ததைச் சொல்லிட்டேன்."

"இன்னிக்கு வாய் வரணும்" என்றாள் மைதிலி. "கேமை மாத்துங்கன்னு கேட்கல, அது உங்க கையில இல்லன்னு தெரியும். சாயங்காலம் அத்தனை பேர் முன்னாடி, இது தாலாட்டு இல்ல, எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா, அவளுக்காக அவ அம்மா அழுததுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. அவ இருந்தான்னு யாராவது வாய் விட்டுச் சொல்லி நான் கேட்கணும்."

சரவணக்குமார் அவள் கையைப் பிடித்தான். "சொல்றேன்" என்றான்.

அவள் நம்பினாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவள் நிஜமாகவே நம்பினாள். மத்தியானம் சமையலுக்கு இரண்டு கறி கூடுதலாகச் செய்தாள்.

சாப்பாடு முடிந்து, அத்தையின் பட்டுப்புடவைக்கு ஊக்கு கொடுப்பதற்காக மைதிலி மாமியாரின் அறைக் கதவைத் தள்ளினாள். வசந்தா ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் செல்போன். திரையில் அந்தச் சின்னப் பெண் நடந்துகொண்டிருந்தாள். காற்று அடித்தது. திரையில் விரலை வைத்தால் அந்தச் சின்னப் பெண் கையால் விளக்கை மூடிக்கொள்வாள்.

வசந்தா விரலை வைக்கவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு அணைந்தது.

முனகல் ஆரம்பித்ததும் வசந்தா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மைதிலி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை அழுது பார்த்ததில்லை. மாமனார் போன அன்றுகூட வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"அத்தை."

வசந்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். அதை நிறுத்த எங்கே அழுத்துவது என்று தெரியாமல் திரையைத் தடவினாள். முனகல் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா மைதிலி, கதவ தட்டிட்டு வரக்கூடாதா?"

"உங்களுக்குத் தெரியுமா, இது யாருன்னு?"

வசந்தா செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அங்கேயும் அது கேட்டது.

"தெரியாம இன்னா? நீ அந்த ரூம்ல குந்திகினு முனகிகினு கெடந்தப்போ, கதவுக்கு இந்தாண்ட நா நின்னுகினுதான இருந்தேன். இத மொத தபா கேட்டப்பவே தெரிஞ்சிக்கினேன். டெய்லி மத்தியானம் கேக்குறேன். இது கெலிச்சா வராது. தோத்தாதான் வருது."

கதவுக்கு வெளியே எத்தனை பேர்தான் நின்றார்கள்! உள்ளே வர மட்டும் ஒருவருக்கும் கால் எழவில்லை.

"எனக்கும் பேத்திதான அது" என்றாள் வசந்தா. "ரோசாப்பூவாட்டம் இருந்திச்சி. ஒரு தபா பாத்தேன்."

நீங்களும் பார்த்தீர்களா என்று மைதிலி கேட்க நினைத்தாள். பதிலாக வந்தது வேறு.

"அன்னிக்கு என்னை அழவிடல. இப்போ என் அழுகையைப் போட்டுக் கேட்டு நீங்க அழறீங்க. நல்லா இருக்கு அத்தை."

வசந்தாவின் முகம் சுருங்கியது. அடிபட்டவள் போலத்தான் இருந்தாள். ஆனால் மைதிலிக்கு அன்று யாருக்கும் இரக்கப்பட நேரமில்லை.

"உன் நல்லதுக்குதான் சொன்னேன்" என்றாள் வசந்தா. "ஊட்ல பெரியவங்க சொல்லிக் குடுத்தது அதான். எனக்கு வேற இன்னா தெரியும்?"

"சாயங்காலம் அவர் உண்மையைச் சொல்லப்போறார். தாலாட்டு இல்லன்னு."

"மேடையிலயா? அத்தினி பேரு முன்னாடியா?" வசந்தா பதறினாள். பிறகு தலையணையைப் பார்த்தாள். அடியில் அது இன்னும் முனகிக்கொண்டிருந்தது. "சொல்லட்டும். நா வாய தொறக்க மாட்டேன். போர்த்துற துணிய அவனே எடுத்து உனுக்கு போர்த்தட்டும்."

ஐந்து மணிக்கெல்லாம் கீழ்த்தளத்துச் சமூகக்கூடம் நிரம்பிவிட்டது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா வாசனை, யாரும் கேட்காத வரவேற்புரை. மேடையில் வசந்தா பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் பின்பக்க ஓரத்தில், மேசை மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வைத்துக்கொண்டு சரவணக்குமார். மைதிலி மூன்றாவது வரிசையில், ஜெபாவுக்குப் பக்கத்தில்.

சங்கச் செயலாளர் தினகரன் மைக்கைப் பிடித்தார். மைக் என்றால் அவருக்கு உயிர்.

"விளையாட்டில் ஜெயித்தால் கைதட்டல் கேட்கும், இது ஊரறிந்தது. தோற்றவனை மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்கிற இசையைப் போட்டவர் நம் ஏ பிளாக் சரவணக்குமார்! முதலில் அதைக் கேட்போம்!"

விளக்குகளைக் குறைத்தார்கள். சரவணக்குமார் ஒரு பொத்தானை அழுத்தினான்.

செல்போனில் கேட்டது வேறு, இது வேறு. நல்ல பெட்டிகள். மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சமோசாத் தட்டோடு வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். முதல் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பெயர்கூடத் தெரியாத ஒரு பெண், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி தாரை தாரையாகக் கண்ணீர் விட்டாள். தனக்குப் போன யாரையோ நினைத்துக்கொண்டாள் போலும்.

மைதிலி சுற்றிலும் பார்த்தாள். அவள் மகளுக்கு வராத கூட்டம் இப்போது வந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. எதற்கு அழுகிறோம் என்று இவர்களுக்கு இன்னும் தெரியாது. இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் நெஞ்சு லேசானது. கணவனைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள்.

இசை அடங்கியது. சரவணக்குமார் தன் மேசையிலிருந்த மைக்கை எடுத்தான். எழுந்து நின்றான்.

"இந்தக் குரலைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான்.

கூடம் காத்திருந்தது. அவன் மைதிலியைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். ஈரமான அத்தனை கண்களையும் பார்த்தான். அவன் முகம் மாறியதை மைதிலி கண்ணெதிரே கண்டாள்.

"இது... எங்க அம்மா எனக்குப் பாடின தாலாட்டு. எல்லாப் பெருமையும் அவங்களுக்குத்தான். நன்றி."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தினகரன் வசந்தாவுக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். இரண்டு வரி பாடிக் காட்டுங்கள் என்று மைக்கை நீட்டினார். வசந்தா மகனை ஒரு முறை பார்த்துவிட்டு, "தொண்ட கட்டிகினு கீது" என்று மட்டும் சொன்னாள். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைதிலியின் கையை அன்போடு அழுத்தினாள்.

"கொடுத்து வச்சவங்க நீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பொறந்தா, இதே பாட்டைப் பாடி அத்தையே தூங்க வச்சிருவாங்க."

மைதிலி எழுந்தாள். நாற்காலி வரிசையைத் தாண்டி, மூன்று படி ஏறி மேடைக்குப் போனாள். மருமகளும் வாழ்த்தப்போகிறாள் என்று கூட்டம் மறுபடி கைதட்டியது. தினகரன் மகிழ்ச்சியோடு மைக்கைக் கொடுத்தார்.

"இது தாலாட்டு இல்லைங்க" என்றாள்.

அது எல்லோருக்கும் கேட்டது. தாலாட்டுக்கும் மேலே என்று புகழப்போகிறாள் போலும் என முன்வரிசை புன்னகைத்தது. மைதிலி மூச்சை இழுத்தாள்.

"எங்களுக்கு ஒரு..."

அவள் குரல் பெட்டிகளில் நின்றுபோனது. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தமும் வரவில்லை. கூடத்தின் கோடியில், மிக்ஸரின் மேல் சரவணக்குமாரின் கை இருந்தது. கை தானாகப் போயிருக்கும், தொழில் அப்படி.

அடுத்த நொடி பெட்டிகளிலிருந்து இசை கிளம்பியது. முன்பைவிட உரக்க.

மைதிலி நிறுத்தவில்லை. செத்த மைக்கில் பேசிக்கொண்டே போனாள். பொண்ணு பொறந்தா என்றாள். ஆவடியில என்றாள். நான் முகம் பார்க்கல என்றாள். மேடையில் ஒரு மைதிலி வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தாள், பெட்டிகளில் இன்னொரு மைதிலி வாயை மூடி முனகிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குக் கேட்டது இரண்டாமவள்தான். மருமகள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து முன்வரிசையில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவள் சொன்னதில் பாதியாவது கேட்ட ஆள் அங்கே ஒருத்திதான். பக்கத்தில் பொன்னாடையோடு நின்ற வசந்தா. கடைசியாக மைதிலி சொன்னது ஒரு பெயர். வயிற்றில் இருந்தபோதே வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத பெயர். அந்த இடத்தில் இசை ஏறியதால் வசந்தாவுக்கு அது மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

வசந்தா நெருங்கி வந்தாள். மருமகளின் தோளைப் பற்றி, காதோரம் குனிந்தாள்.

"பேரு வச்சிருந்தியா? இன்னா பேரு சொன்ன? இன்னொரு தபா சொல்லும்மா."

அவள் கண்ணில் இருந்தது நிஜமான ஏக்கம். கேட்டால், முனகலை எடுத்துக்கொண்டது போல அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லி அழப்போகிறவள். மைதிலி அந்த முகத்தைப் பார்த்தாள், தோளில் மின்னிய பொன்னாடையைப் பார்த்தாள், கோடியில் மிக்ஸரை விட்டுக் கையெடுக்காமல் நிற்கும் கணவனைப் பார்த்தாள்.

மைக்கை வசந்தாவின் கையில் வைத்தாள். பெயரைச் சொல்லவில்லை.